பேசாத பிள்ளையும் முதல் பள்ளிக்கூடமும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

குமரகுருபரர் கதை நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம். பதினேழாம் நூற்றாண்டு, தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம். சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மைக்கும் பிறந்த ஆண் குழந்தை ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் அவனைத் திருச்செந்தூருக்குத் தூக்கிப்போய் விரதம் இருந்தார்கள். முருகன் அருளால் பேச்சு வந்தது, வந்த பேச்சே கந்தர் கலிவெண்பாவாக வந்தது என்று மரபு சொல்கிறது.

இதைப் பக்திக் கதையாகப் படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். நான் பார்ப்பது அதில் வரும் அப்பா அம்மாவை. அப்பா கவிராயர். வீடு முழுக்கத் தமிழ். வருகிறவர் போகிறவர் எல்லாம் பாட்டும் பேச்சுமாக இருந்திருப்பார்கள். அந்த வீட்டில் ஒரு பிள்ளை ஐந்து வருஷம் வாய் திறக்காமல் இருந்தால் அந்தப் பெற்றோர் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார்கள்? அன்றைக்கு அவர்களுக்குப் போக இருந்த இடம் கோயில் ஒன்றுதான். போனார்கள்.

இன்றைக்கு அதே கதை வேறு வேலைக்குப் பயன்படுது. "குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினாரு, விடுங்க." "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்." "ஆம்பளப் பிள்ளைங்க அப்படித்தான்." படித்த வீடுகளில் குமரகுருபரருக்குப் பதில் ஐன்ஸ்டைன் வருவார், அவ்வளவுதான் வித்தியாசம். சொல்கிறவர்கள் ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கவிராயர் காத்துக்கிட்டே இருக்கவில்லை, தன் காலத்தில் இருந்த ஒரே கதவைத் தட்டினார் என்பது இந்த ஆறுதலில் மறந்துபோகுது.

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லித்தரும் பெற்றோர் சிலர் உண்டு. எண்ணிக்கை சின்னதுதான். அவர்களில் ஒரு வீட்டில் ரெண்டு, மூணு வயசுப் பிள்ளை பேசவில்லை என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அதைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பார்க்கலாம் என்பதே இந்தக் குறிப்பு.

பிள்ளைத்தமிழ் என்னும் வளர்ச்சி அட்டவணை

இன்றைய குழந்தை மருத்துவர்கள் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள்: இந்த மாதத்தில் தலை நிற்கணும், இந்த மாதத்தில் கைதட்டணும் என்று. நம்மிடமும் ஒன்று இருந்தது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் பாட்டியல் நூல்களில் சில, மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் வரிசையாக வைக்கின்றன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று போகும். செங்கீரையில் 'கீர்' என்றால் சொல், அது மழலைப் பருவம் என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. சப்பாணி கைதட்டுவது. வாரானை, கூப்பிட்டால் வருவது. அம்புலி, நிலாவைக் காட்டி அழைப்பது.

இதைப் பேச்சு வளர்ச்சியின் கண்ணோட்டத்தில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பேச்சுக்கு முன்னால் வரவேண்டிய படிகள் பலவும் இதில் இருக்கு. பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வது, கூப்பிட்டால் திரும்புவது, தொலைவில் உள்ள ஒரு பொருளை இருவரும் சேர்ந்து பார்ப்பது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் அம்மாவும் பிள்ளையும் பார்ப்பது ஒரே நிலா. அம்மா கையைப் பார்த்து, நிலாவைப் பார்த்து, மறுபடி அம்மா முகத்தைப் பார்க்கிறதே பிள்ளை, அந்த மூன்று பார்வைக்குள்தான் சொல் முளைக்கிறது. ஒரு வயதைத் தாண்டியும் விரல் நீட்டிக் காட்டாத, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பற்றி இன்றைய மருத்துவர்கள் கவலைப்படுவது இதனால்தான். எத்தனை சொல் பேசுது என்பதை விட இதை முதலில் கேட்பார்கள்.

பேசாமல் இருந்த குமரகுருபரர்தான் பின்னால் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் பாடினார் என்பது தமிழ் வரலாற்றின் அழகான விஷயங்களில் ஒன்று.

தொல்காப்பியத்தில் இருந்து ஆம்ஸ்டர்டாம் வரை

பேச்சு எப்படிப் பிறக்குது என்று தமிழில் எழுதிவைத்த பழைய இடம் தொல்காப்பியத்தின் பிறப்பியல். உந்தியில் இருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களில் பட்டு எழுத்தொலி ஆகிறது என்கிறது அது. உதடு சேர்ந்தால் பகரமும் மகரமும். அம்மா, அப்பா முதலில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்: உதடு சேர்வது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். ழகரத்துக்கு நாக்கு உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாது. நாலு, அஞ்சு வயசுப் பிள்ளை 'வாயப்பயம்' என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒலி திருந்தாமல் இருப்பது வேறு, மொழியே வராமல் இருப்பது வேறு. இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதே அறிவை வைத்துக் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்றுத்தர முயன்றவர்களில் ஒருவர் யோகான் கொன்ராட் அம்மன். சுவிட்சர்லாந்தில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் தொழில் செய்த மருத்துவர். 1692இல் 'சுர்டுஸ் லோக்குவென்ஸ்' (பேசும் செவிடர்) என்று லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளையைக் கண்ணாடி முன் உட்கார வை, உன் உதட்டைப் பார்க்க விடு, உன் தொண்டையில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்க விடு, பிறகு தன் தொண்டையில் கை வைக்கச் சொல். முறை இதுதான்.

அந்த நூல் வந்த காலத்தில் நம்ம பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை அவர்களுடையது. சோழமண்டலக் கரையின் தலைமையகத்தை 1690இல்தான் அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றியிருந்தார்கள். துணி வாங்க டச்சுக் கப்பல் வந்தது. அம்மன் நூல் அதில் வந்ததாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அறிவு எப்போதும் வியாபாரத்தின் வேகத்தில் பயணம் செய்வதில்லை, அதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

பாளையங்கோட்டையும் அதற்குப் பிறகும்

இந்தியாவில் காது கேளாதோருக்கான முதல் பள்ளி 1880களில் பம்பாயில் வந்தது. 1893இல் கல்கத்தா. தமிழ்நாட்டில் 1890களில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கினார். அவர் பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து பாளையங்கோட்டை ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. கவிராயர் இருநூற்றைம்பது வருஷம் பிந்திப் பிறந்திருந்தால் தட்ட இன்னொரு கதவும் இருந்திருக்கும்.

இந்தப் பள்ளிகள் செய்தது பெரிய காரியம். அதுவரை 'ஊமை' என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகளுக்கு எழுத்தும் தொழிலும் கிடைத்தன. ஆனால் ஒரு குறை இருந்தது. பிள்ளை ஆறேழு வயசில் விடுதிக்கு வரும். மொழி வளர வேண்டிய முதல் ஐந்து ஆண்டுகள் அதற்குள் வீட்டில் வீணாகப் போயிருக்கும். பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த ஐந்தைத் திருப்பித் தர முடியாது.

அந்த ஐந்து வருஷத்தைப் பிடித்தது பள்ளிக்கூடம் இல்லை, ஒரு அம்மா. அமெரிக்காவில் லூயிஸ் டிரேசி. நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி. 1924இல் பிறந்த மகன் ஜானுக்குக் காது கேட்கவில்லை என்று பத்து மாதத்தில் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் அவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தர ஆளில்லை. தானே படித்து, வீட்டிலேயே சொல்லித்தந்தார். குளிப்பாட்டும்போது, சாப்பாடு போடும்போது, சட்டை மாட்டும்போது, முகத்தை வெளிச்சத்தில் வைத்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப. 1942இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் டிரேசி கிளினிக் தொடங்கினார். மறுவருஷமே அஞ்சல்வழிப் பாடம் ஆரம்பித்தது. பிள்ளைக்கு இல்லை, பெற்றோருக்கு. கட்டணம் கிடையாது. பின்னால் அது பல மொழிகளில், பல நாடுகளுக்குப் போனது. வீட்டுக்கல்வி என்ற பேச்சு வருவதற்கு முன்பே நடந்த வீட்டுக்கல்வி இது.

சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா இதே தடத்தில் வந்தது. காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு மட்டும், கட்டணம் இல்லாமல். அம்மாவும் பிள்ளையோடு வகுப்பில் உட்கார வேண்டும். ஆசிரியர் செய்வதைப் பார்த்து வீட்டில் நாள் முழுக்க அவர்தான் தொடர வேண்டும். ஹியரிங் எய்டு மாட்டி, மொழி பழகி, வயசு வந்ததும் சாதாரணப் பள்ளிக்குப் போவது குறிக்கோள். மைசூரில் 1965இல் பேச்சு, கேட்டலுக்கென்றே தேசிய நிறுவனம் வந்தது. கனடாவில் 1975இல் ஹனன் மையம், காது நன்றாகக் கேட்டும் பேசத் தாமதிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தர ஆரம்பித்தது.

இவை எல்லாம் சேர்ந்து வந்து சேர்ந்த முடிவு ஒன்றே. வாரத்துக்கு ஒரு மணி நேரம் தெரபிஸ்ட் பேசுவதால் மட்டும் பிள்ளை பேசாது. மிச்ச நேரம் முழுக்க கூட இருப்பவர்கள் பேசும் விதம் மாறணும். அந்த வகையில் வீட்டிலேயே இருக்கும் பெற்றோருக்கு ஒரு பெரிய வசதி கையில் இருக்கு.

வலையில் விழாத பிள்ளை

வசதி எங்கே இருக்கோ ஆபத்தும் அங்கேதான் இருக்கு.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) ஆறு முதல் பதினாலு வயது வரைக்கானது. ஆறுக்குக் கீழே எல்லாருமே ஒருவகையில் வீட்டுக்கல்விதான். அந்த வயசுப் பிள்ளைகளை அரசு எட்டிப் பார்ப்பது அங்கன்வாடி வழியாக. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கை அது. 2013இல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தை நலப் பரிசோதனைத் திட்டம் வந்தது. அதன் மருத்துவக் குழு வண்டி எடுத்துக்கொண்டு அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போகவேண்டும். பார்க்கும் பட்டியலில் காது கேளாமையும் மொழித் தாமதமும் இருக்கு. சந்தேகம் வந்தால் மாவட்ட அளவில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்க. பிள்ளை அங்கன்வாடிக்கும் போகவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. வண்டி ஊருக்குள் வரும், போகும். இந்தப் பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரே வயசுப் பிள்ளைகள் இருபது பேருக்கு நடுவில் உட்காரும்போது, "இவன் மட்டும் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறானே" என்று ஒரு ஆயாம்மா கவனிப்பாரே, அந்தக் கண்ணும் இல்லை. வீட்டில் ஒரே பிள்ளை என்றால் ஒப்பிட ஆளில்லை. அம்மாவுக்குப் பிள்ளையின் சைகை எல்லாம் புரியும், அதனால் குறை வெளியே தெரியாது.

அதனால் வீட்டில் சொல்லித்தரும் பெற்றோர் அந்த வண்டியின் வேலையையும் சேர்த்துத் தாங்களே செய்ய வேண்டியிருக்கு. முதல் வேலை காது. பிள்ளை டிவி சத்தத்துக்குத் திரும்புது, கதவு தட்டினால் பார்க்குது, அதனால் காது நல்லாத்தான் இருக்கு என்று முடிவுகட்டக் கூடாது. சில ஒலி கேட்டுச் சில ஒலி கேட்காத பிள்ளைகள் உண்டு. சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டி, வந்து வந்து போகும் கேளாமையும் உண்டு. ஓ.ஏ.ஈ., பெரா என்ற பரிசோதனைகளுக்குப் பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை, தூங்கிக்கொண்டிருந்தாலே போதும். நம் பக்கம் சொந்தத்தில் கல்யாணம் அதிகம், பிறவிக் கேளாமைக்கு அது ஒரு காரணம் என்பதால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வழியே இல்லை. கேளாமை கடுமையாக இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் இம்பிளாண்ட் செய்ய வழி இருக்கு. அதற்கு ஆறு வயசு என்ற வரம்பும் இருக்கு. "அஞ்சு வயசுல பேசுவான்" என்று காத்திருப்பது இங்கேதான் அடிக்கும்.

பொன்னேரிக்காரர்களுக்குப் போக்குவரத்தும் ஒரு விஷயம். மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். ஆனால் நம்ம ரயில் கும்மிடிப்பூண்டி பாதை, திருவள்ளூர் அரக்கோணம் பாதை. ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரை போய் மாறணும். மாவட்ட மையத்தை விட எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை பலருக்குச் சுலபம். முட்டுக்காட்டில் 2005இல் வந்த பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கு, தூரம்தான் ஊரின் மறுகோடி. மாசத்துக்கு ஒரு நாள் ஷிப்டை விட்டுவிட்டுப் போகும் சிப்காட் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி. அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் "வீட்டில் நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வருவது முக்கியம்.

ரெண்டு மொழி, மூணு மொழி

"வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், அதான் குழம்பிப்போய்ப் பேசல" என்று பொன்னேரிப் பக்கம் அடிக்கடி சொல்வார்கள். 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாறியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் ஆந்திரப் பக்கம் போயின. கோடு மாறியது, வீட்டுக்குள் பேச்சு மாறவில்லை. இன்று சிப்காட் வந்த பிறகு ஒடியாவும் இந்தியும் வங்காளமும் சேர்ந்திருக்கு. கும்மிடிப்பூண்டி முகாமில் ஈழத் தமிழ்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. எண்ணும்போது ரெண்டு மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ணணும். தெலுங்கில் பத்து, தமிழில் பத்து என்றால் இருபது. அம்மாவுக்கு மனசாரப் பேச வரும் மொழியை நிறுத்திவிட்டு, அரைகுறையாகத் தெரிந்த இங்கிலீஷில் பேசச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். குமரகுருபரரும் பின்னால் காசிக்குப் போய் இந்துஸ்தானி பேசி வாதாடினார் என்றுதானே அதே மரபு சொல்கிறது!

இன்னொன்றும் கவனிக்கணும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் இங்கிலீஷுக்கு ஆனவை. இரண்டு வயதில் ஐம்பது சொல், இரண்டு சொல் சேர்த்த தொடர் என்று இருக்கும். தமிழில் 'போலாம்' ஒரே சொல்தான், ஆனால் அதற்குள் ஒரு வாக்கியமே இருக்கு. 'அம்மாட்ட' என்றால் பெயரோடு வேற்றுமை உருபும் சேர்ந்தாச்சு. எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். பிள்ளைக்குச் சொன்னது புரியுதா, வேண்டியதைக் கேட்க முயற்சி பண்ணுதா, மாசாமாசம் ஏதாவது புதுசாக வருதா, இதைப் பாருங்க. வந்த சொல் நின்றுபோனால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் போகணும்.

வீட்டில் செய்யக்கூடியவை

பாட்டிமார் செய்ததில் பாதி இன்றைக்கும் சரி. நாக்கில் வசம்பு தேய்ப்பதும், ஒரு வயசுக்குள் தேன் தடவுவதும் அந்தப் பாதியில் சேராது. இரண்டையும் டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். சேருவது அவர்களின் பேச்சு. 'மம்மு', 'பூவா', 'ஜோஜோ', 'உம்மாச்சி' என்று குழந்தைக்கென்றே ஒரு மொழி வைத்திருந்தார்கள். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1964இல் மராத்தி உட்பட ஆறு மொழிகளின் குழந்தைப் பேச்சை ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் சின்னச் சொல், திரும்ப வரும் அசை, இழுத்த இசை என்று ஒரே அமைப்பு இருப்பதைக் காட்டினார். அதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று விட்டுவிடாதீங்க. நம் மொழியில் 'வா', 'போ', 'தா' என்று ஒரே எழுத்தில் முழு வேலை செய்யும் சொற்கள் இருப்பது பிள்ளைக்குக் கிடைத்த வரம்.

செய்முறை எளிது. பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்காருங்க. அது எதைப் பார்க்குதோ அதன் பேரைச் சொல்லுங்க. 'தா' என்றால் 'பந்து தா' என்று ஒரே ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்க. சாய்ந்தாடும் பாட்டு, கை வீசும் பாட்டு பாடும்போது கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, பத்து எண்ணும் வரை காத்திருங்க. "சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று மிரட்டாதீங்க. பேச்சு பரீட்சை ஆகிவிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சைகை காட்டினாலும் படத்தைத் தொட்டாலும் அதுவும் பேச்சுதான், அதனால் வாய்ப்பேச்சு தடைபடாது. சோறூட்டும்போது போனை எடுத்து உள்ளே வைங்க. போனைப் பார்க்கிற பிள்ளை மறுபடி உங்க முகத்தைப் பார்க்காது.

இரண்டு வயதில் தாமதிக்கும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுவார்கள். அது உண்மை. யார் பிடிப்பார், யார் பிடிக்க மாட்டார் என்று அந்த வயசில் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. அதனால் வீட்டில் பேசுவதும் வெளியே பரிசோதிப்பதும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டிய வேலைகள். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்றால் போவது பிள்ளையின் காலம்.